ஐந்து மில்லி

இங்கே லண்டனில் என் எடையைக் கல்லில் சொல்கிறார்கள். மருந்துக் கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஒரு பென்னி போட்டு ஏறி நின்றால், எட்டு ஸ்டோன் மூன்று பவுண்டு என்று சீட்டு வருகிறது. ஸ்டோன் என்றால் கல்தான். பதினான்கு பவுண்டு ஒரு கல். ஏன் பதினான்கு என்று கேட்டால் என்னோடு வேலை பார்க்கும் இங்கிலீஷ் நர்சுகள் சிரிக்கிறார்கள். மருந்து அறைக்குள் போனால் இன்னும் மோசம். இருபது கிரெய்ன் ஒரு ஸ்குரூப்பிள், மூன்று ஸ்குரூப்பிள் ஒரு டிராம், எட்டு டிராம் ஓர் அவுன்ஸ். அந்த அவுன்சும் காய்கறிக் கடை அவுன்சும் ஒன்றில்லையாம். நம் ஊரிலோ கிலோவும் லிட்டரும் வந்துவிட்டன, பழைய அளவுகளான படியும் சேரும் போய்விட்டனவே என்று ஆளாளுக்குக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள் என்று கடிதங்களில் படிக்கிறேன். குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சும்மா சொல்லவில்லை, ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஆவூருக்குப் பக்கத்தில். அண்ணனுக்குப் பெண் எடுத்தது பொன்னமராவதிப் பக்கம். அண்ணி வந்த முதல் நாள் ஏழு பேருக்கு உலை வைத்து, எங்கள் உழக்கால் அரிசி அளந்து போட்டார். சோறு பொங்கி வழிந்து, மறுநாள் மாட்டுக்கும் மீந்தது. அவர் பிறந்த வீட்டு உழக்கு சிறியது, எங்களுடையது பெரியது. இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்று. "பொன்னமராவதி உழக்குல அளந்து அளந்துதான் நீங்க இப்புடி ஒல்லியாயிட்டீங்களா, அண்ணி?" என்று நான்தான் அதிகம் கேலி செய்தேன். அவரும் கூடச் சிரித்தார். பத்து மைலுக்கு ஓர் அளவு இருப்பது அன்று எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இங்கே குழந்தைகள் வார்டில் எனக்கு வேலை. போன மாதம், குணமாகி வீட்டுக்குப் போகும் பிள்ளையின் தாயிடம் இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் என்று அதில் எழுதியிருந்தது. "உங்கள் வீட்டு ஸ்பூன் எவ்வளவு பெரியது?" என்று கேட்டேன். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கள் வீட்டில் ஸ்பூன் கூட இருக்காது என்று நினைத்தாயா? கையால் சாப்பிடுகிறவள் நீதானே" என்று சொல்லிவிட்டுத் தலைமை நர்சிடம் புகார் செய்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் விடவில்லை. மருந்து அறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஐந்து மில்லி பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றை எடுத்து அவள் பையில் போட்டு, "இதில் மட்டும் கொடுங்கள்" என்று கெஞ்சினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

குழந்தையைப் பறிகொடுத்தது ஊரில் கிலோ வருவதற்கு முன்பு. திருச்சியில் நர்சு படிப்பு முடித்து, ஆவூர் மிஷன் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அண்ணன் மகள் ரோசலிக்கு இரண்டு வயது. விடாத இருமல். டாக்டர் சொன்ன மருந்தை நானே பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் கொஞ்சம் அபின் சத்து உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "சின்னக் கரண்டியில ஒண்ணு குடுங்க அண்ணி, போதும்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு ஓடினேன். டீஸ்பூனைத்தான் நான் சொன்னேன். எங்கள் வீட்டில் டீயும் கிடையாது, ஸ்பூனும் கிடையாது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஆஸ்பத்திரிப் படிப்பு என் கண்ணை மறைத்துவிட்டது. அண்ணி வீட்டிலேயே சிறிய கரண்டியைத் தேடி எடுத்தார். அது நெய்க் கரண்டி.

மத்தியானம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான் போனபோது ரோசலிக்கு மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. "காலையிலேருந்து தூங்குறா தெரசா. இருமல் இல்லாம நல்லாத் தூங்குறாளேன்னு நான் எழுப்பல" என்றார் அண்ணி. நான் என்ன செய்தும் பிள்ளை திரும்பவில்லை, பொழுது சாயுமுன் போய்விட்டாள். அடுப்படியில் மருந்துப் பிசுக்கோடு கிடந்த நெய்க் கரண்டியை அப்போதுதான் பார்த்தேன். ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. அதைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினேன். திரும்பினால் அண்ணி நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் சளி முற்றிவிட்டது என்று சொன்னேன். லண்டனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதலில் மனுப் போட்டவள் நான்தான். வீட்டுக் கஷ்டத்துக்காகப் போகிறாள் என்று ஊரே மெச்சியது.

பல வருஷம் கழித்து அண்ணிக்கு இப்போது ஓர் ஆண் குழந்தை. அவனுக்கும் இருமலாம். "நீ படிச்சவ, எத்தன கரண்டி குடுக்கலாமுன்னு எழுது" என்று கடிதத்தில் கேட்டிருந்தார். ஐந்து மில்லி ஸ்பூன் ஒன்றைத் துணியில் சுற்றித் தபாலில் அனுப்பி, பிள்ளையை டாக்டரிடம் காட்டி எத்தனை மில்லி என்று கேட்டு இதில்தான் அளக்க வேண்டும், வேறு கரண்டியைத் தொடக் கூடாது என்று எழுதினேன். அப்போது என் மனசுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது. லண்டனிலும் ஆவூரிலும் பொன்னமராவதியிலும் ஐந்து மில்லி ஐந்து மில்லிதான். யார் கை அளந்தாலும் கூடாது, குறையாது. அந்த அளவு கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் ரோசலி இருந்திருப்பாள்.

பதில் வந்தது.

"ஸ்பூன் வந்து சேந்துச்சு. அதுல தண்ணி மோந்து நெய்க் கரண்டியில ஊத்திப் பாத்தேன். நாலு தடவ ஊத்தியும் நெறையல. அன்னைக்கு நீ அதக் கழுவி மாட்டுனப்பவே எனக்கு மனசு திக்குன்னுச்சு. ஆனா நீ ஒண்ணும் சொல்லல. படிச்சவ சொல்லலையே, அப்ப நம்ம கையில தப்பு இல்லன்னு மனசத் தேத்திக்கிட்டுக் கெடந்தேன். இனிமே எதச் சொல்லித் தேத்திக்கிறது, தெரசா? இப்ப பிள்ளைக்கு மருந்து ஒங்க அண்ணன்தான் குடுக்குறாரு. நான் தொடுறதில்ல."

அன்றே பதில் எழுதிவிட்டேன். ஒரே வரி. "தப்பு உங்க மேல இல்ல அண்ணி, அளவச் சரியாச் சொல்லாத என் மேலதான்." மூன்று வாரமாக அது கைப்பையிலேயே கிடக்கிறது. அண்ணன் படித்தால் அந்த வீட்டு வாசலை நான் இனி மிதிக்க முடியாது. அனுப்பாவிட்டால் மிதிக்க எனக்கு யோக்கியதை இல்லை. முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் கொட்டிவிட்டேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

நேற்று துணிந்து தபால் நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைத் தராசில் போட்டாள். முள் அசைந்தும் அசையாமல் நின்றது. "அரை அவுன்ஸ் வரை இதே கட்டணம்தான். இன்னும் இரண்டு தாள் தாராளமாக எழுதலாமே, வீட்டுக்குத்தானே?" என்று சிரித்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.