மாமன் மகளின் பர்மிட்

பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாமல் போக ஆரம்பித்தது, எங்கள் ஊரில் தொடர்ந்து இரண்டாவது வருஷமாக மழை தப்பிய சமயத்தில். பெரம்பலூருக்கு வடக்கே, ரஞ்சன்குடிக் கோட்டை தெரிகிற தூரத்தில் இருந்தது எங்கள் தெரு. எல்லாமே நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரோடு போடும் கூலிப்படையில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போன அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வீட்டில் ஆத்தா, நான், என்னைவிட இரண்டு வயது இளைய தம்பி. தம்பிக்கு அம்மை இறங்கி முடிந்தபோது இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வேகவைத்த மீனின் கண்ணைப் போல வெள்ளையாக இருக்கும். அம்மைக்கு முன்பே அவனுக்கு மாலை நேரத்தில் பார்வை மங்கத் தொடங்கியிருந்ததால், எனக்கும் அதே மாதிரி ஆனதும் ஆத்தாவுக்குப் புரிந்துவிட்டது.

முதலில் கோட்டை மறையும். பிறகு புளியமரம். பிறகு ஆத்தாவின் முகம். மற்ற பிள்ளைகள் இன்னும் தெருவில் ஓடி விளையாடும் நேரத்தில் நான் சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆத்தா தினமும் என் முன்னால் விரலை நீட்டி, "எத்தன?" என்று கேட்பாள். அவள் குரலை வைத்து நான் ஊகித்துச் சொல்வேன். சரியாகச் சொல்லிவிட்டால் அன்று ஒன்றும் பேசமாட்டாள். தப்பாகப் போனால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வது சத்தத்திலேயே தெரியும்.

கீரை கொடு, ஆட்டு ஈரல் கொடு என்றார்கள். கீரை காய்ந்துபோயிருந்தது. ஈரலை நாங்கள் கண்ணால் பார்த்துப் பல வருஷம். எட்டு மைல் நடந்து டிஸ்பென்சரிக்குப் போனால், யுத்தத்தால் மருந்து வருவதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தாவின் அண்ணன், என் மாமா, இலங்கையிலிருந்து வந்தார். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருக்கும் அத்தைக்கும் வேலை. கூடவே அவர்களுடைய ஒரே மகள். அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஒன்பது. கவுன் போட்டிருந்தாள். கன்னத்தில் சதை இருந்தது. எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் கன்னத்தில் சதை கிடையாது. நான் அவள் பின்னாலேயே சுற்றினேன்.

தோட்டத்தைப் பற்றி மாமா சொல்வதை ஆத்தா சோற்றைக் கேட்பது போலக் கேட்பாள். வாரா வாரம் அரிசியும் மாவும் அளந்துவிடுவார்கள். லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், இருப்பதற்கு வாடகை இல்லை. காய்ச்சல் என்றால் தோட்டத்து டாக்டரே வந்து பார்ப்பார், மருந்துக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

"அண்ணே, இவளையும் கூட்டிட்டுப் போயேன். கண்ணு மட்டும் நல்லாயிடட்டும்."

"முடியாதும்மா. புதுசா யாரையும் விடறதில்ல, சர்க்கார் தடுத்துட்டான். அங்கேர்ந்து வந்து திரும்பிப் போறவங்களுக்குத்தான் பர்மிட்டு. எங்க மூணு பேருக்குத்தான் இருக்கு."

பங்குனியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. காலையில் என்னோடு சோளத்தட்டை கடித்துத் துப்பிக்கொண்டிருந்த மாமன் மகள் மறுநாள் விடியும்போது இல்லை. அந்த வாரம் தெருவில் ஏழு வீட்டில் பிணம். அழக்கூட ஆள் சேரவில்லை. அத்தை அழவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி இருந்தாள். கஞ்சியைக் கையில் கொடுத்தால் குடிப்பாள். கொடுக்காவிட்டால் கேட்கமாட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மாமா வாசலில் உட்கார்ந்து பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார். ஆத்தா அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, மூணு பேருக்குத்தானே காயிதம் இருக்கு?"

மாமா நிமிரவில்லை. ஆத்தாவும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மறுநாள் அவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் பர்மிட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்தார். பெயர், வயது, தகப்பன் பெயர். அங்க அடையாளம்: இடது முன்கையில் தீக்காயத் தழும்பு.

அதை ஆத்தாதான் செய்தாள். நல்ல வெயில் நேரம். இரும்புக் கரண்டியின் காம்பை அடுப்பில் வைத்துவிட்டு என்னை மடியில் போட்டுக்கொண்டாள். மாமா என் கால்களைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் போட்ட கத்தலில் தம்பி பயந்து கதவில் மோதிக்கொண்டான். அப்போதுதான் அத்தை அத்தனை நாளைக்குப் பிறகு தானாக எழுந்து வந்தாள். எண்ணெய் கொண்டுவந்து புண்ணில் தடவி ஊதினாள். "அழாதடி, அழாத" என்று சொல்லி, என்னை அவள் மகளின் பெயரால் கூப்பிட்டாள்.

ஆத்தாவும் அதைக் கேட்டாள். கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் பெயரையும் எழுதவில்லை.

புண் ஆறித் தழும்பாகும் வரை காத்திருந்தோம். அதற்குள் நான் மாமாவை அப்பா என்றும் அத்தையை அம்மா என்றும் கூப்பிடப் பழகினேன். கிளம்பும் நாளில் இறந்தவளின் கவுனைப் போட்டுவிட்டார்கள். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. பெரம்பலூர் வரை நடந்து, அங்கிருந்து கரிப்புகை விட்டு ஓடும் பஸ்ஸில் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனோம். ஆத்தா தம்பியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாள். "கண்ணு தெரிஞ்சதும் வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

ரயில் எங்களை மண்டபத்தில் கொண்டுபோய் விட்டது. இலங்கைக்குப் போகிறவர்களை அங்கே ஒரு முகாமில் நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள். துணிகளை வாங்கி ஆவியில் போட்டார்கள். தலையில் மருந்துத் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. பெயர் கேட்டார், சொன்னேன். அம்மா யார் என்றார், அத்தையைக் காட்டினேன். என் கையைத் தூக்கித் தழும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது எப்படி ஆச்சு?"

அதைச் சொல்லிக்கொடுக்க எல்லோரும் மறந்திருந்தார்கள். "ஆத்தா சுட்டுட்டா" என்றேன்.

 அதிகாரி அத்தையைப் பார்த்தார். "என்னம்மா, பெத்த பிள்ளையை இப்படியா சுடுவே?"

"தெரியாமப் பட்டுருச்சுங்க" என்றாள் அத்தை. குரலில் ஒரு பிசிறு இல்லை. "மூணு வயசுல அடுப்புகிட்ட வந்துருச்சு. நான் பாக்கலைங்க."

அது அவள் மகளுக்கு நிஜமாகவே நடந்தது என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் முத்திரை குத்தினார்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. தண்ணீர் சாம்பலாகி, பிறகு இல்லாமல் போனது. எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. அடியில் எஞ்சின் இரைவது மட்டும் காலில் ஏறியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலிக்கிறது என்றேன். அவள் விடவில்லை. அந்தக் கரையை நான் பார்க்கவேயில்லை.

தோட்டத்துக்குப் போனதும் லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "எங்க உன் மக? இது யாரு?" என்றாள்.

"கண்ணு தெரியலையா ஒனக்கு? இதான் என் மக."

ஒருத்தி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாமா வேலையாட்களை மேய்க்கும் கங்காணியிடம் ரகசியமாக என்ன சொன்னாரோ, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேரு இருக்கு, ஆளு இருக்கு. எனக்கென்ன?" என்றார்.

தோட்டத்து டாக்டர் என் இமையை விரித்துப் பார்த்து, மீன் எண்ணெய் எழுதிக்கொடுத்தார். தினமும் ஒரு கரண்டி. குமட்டிக்கொண்டு வரும். அத்தை மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். சில வாரங்களிலேயே ஒரு சாயங்காலம், எதிர் மலையில் வேலை முடிந்து இறங்குகிற பெண்களின் கூடைகள் தெரிந்தன. பிறகு லயத்தில் ஏற்றிய விளக்குகள். பிறகு விளக்குகளுக்கு நடுவில் இருந்த இருட்டும் தெரிந்தது. நான் ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன்.

"தெரியுது மாமா! இனிமே ஊருக்குப் போயிடலாம்ல?"

அவர் சட்டென்று என் வாயைப் பொத்தினார். "மாமான்னு சொல்லாத. அவ காதுல விழும்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒனக்கு எண்ணெ மாதிரி அவளுக்கு நீ. கொஞ்ச நாளு இரு."

அத்தை என்னை அடித்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தூங்கும்போதும் என் கவுனின் நுனி அவள் கையில் இருக்கும். மகளுக்குப் பிடித்ததெல்லாம் எனக்கும் பிடிக்க வேண்டும். மாவு ரொட்டியில் சர்க்கரை வைத்துத் தருவாள். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் சாப்பிடுவேன். இறந்தவளின் சிநேகிதி ஒருத்தி நான்காவது வீட்டில் இருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் சரிவில் என்னை நிறுத்தினாள். "நீ அவதான்னா, நாம ரெண்டு பேரும் கண்ணாடிச் சில்ல எங்க புதைச்சோம்னு சொல்லு" என்றாள். நான் தெரியாது என்றேன். அவள் முகம் வெளுத்தது. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அன்றிலிருந்து பள்ளியில் என் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் உட்காரவில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை ஊரிலிருந்து கடிதம் வரும். ஆத்தாவுக்கு எழுதத் தெரியாது, அந்த வாத்தியார் எழுதிக்கொடுப்பார். மாமாவுக்கும் எழுத்து தெரியாது. டவுனுக்குப் போய் யாரிடமாவது படிக்கக் கேட்டு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். "எல்லாரும் சொகம். நல்லாப் படிக்கச் சொல்லியிருக்கா." எப்போதும் அதேதான். நானும் நன்றாகப் படித்தேன். எழுத்துக் கூட்டும் கட்டம் போய்ச் சரளமாக வந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஒருநாள் மழைக்குக் குடை தேடிப் பெட்டியைத் திறந்தால் அடியில் கடிதங்கள் கிடந்தன.

நான்கையும் நின்றபடியே படித்தேன். முதல் கடிதத்தில், பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, தெரிந்தால் அனுப்பி வைக்கவும் என்று இருந்தது. இரண்டாவதிலும் அதே கேள்வி. மூன்றாவதில், தயவுசெய்து அனுப்பி வைக்கவும். கடைசிக் கடிதத்தில் கேள்வியே இல்லை. "அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார்" என்று மட்டும் எழுதியிருந்தது.

மாமா வேலையிலிருந்து வந்ததும் அதை அவர் முன்னால் வைத்தேன்.

"ஒன்ன அனுப்பினா இவ செத்துப்போவா. நா என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்றார்.

பதினொரு வயதில் நான் என்ன சொல்வேன்? கடிதங்களைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். நானே ஆத்தாவுக்கு எழுத ஆரம்பித்தேன். கண் தெரிகிறது, வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று. அப்படியே மூன்று வருஷம் போனது. யுத்தம் முடிந்தது. சுதந்திரமும் வந்தது. தோட்டத்தில் வேறு பேச்சுகள் கிளம்பின. யார் இந்த நாட்டுக்காரர், யார் அந்த நாட்டுக்காரர் என்று எழுதப்போகிறார்களாம், சரியான காகிதம் இல்லாதவர்களின் கதி தெரியாதாம். லயத்தில் ஆட்கள் கூடிக்கூடிப் பேசிவிட்டு, நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். என் காகிதம் பொய் என்று தெரிந்துவிடுமோ என்று மாமா கலங்கிப்போனார். பெரம்பலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று விடுமுறைக்குக் கிளம்பியபோது, அவரே என்னை அவர்களோடு அனுப்ப ஏற்பாடு செய்தார். நான் ஊரைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

அத்தை ஸ்டேஷனுக்கு வந்தாள். தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். ரயில் நகரும் சமயத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அங்க எந்தக் கெணத்துத் தண்ணியும் குடிக்காத. காய்ச்சிக் குடி. போன தடவ மாதிரி ஆயிடப்போவுது."

அவ்வளவு வருஷமும் அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அரியலூரில் இறங்கி பஸ் பிடித்து ஊருக்கு வந்தபோது ஆத்தா களத்துமேட்டில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை யாரோ என்று நினைத்து, "யாரு வேணும்மா?" என்றாள். தம்பிக்குத்தான் முதலில் என் குரல் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பையன், கயிறு திரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனையும் அந்த டாக்டரிடம் காட்டியிருந்தால் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டியிருந்தாலும் பூ விழுந்த கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று பல வருஷத்துக்குப் பிறகு ஒரு டாக்டர் சொன்னார். அவனுக்கு ஒரு பர்மிட் கிடைக்க எந்த வீட்டில் எந்தப் பையன் சாக வேண்டியிருந்திருக்கும் என்பதும் அன்றைக்கே மனதில் ஓடியது. அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மூன்று மாதம் முடிந்தது. ஆத்தா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கூட வந்த குடும்பம் புறப்படும் நாளில் நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. அவர்கள் கையில் மாமாவுக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

பதில் வர ஐந்து மாதம் ஆனது. மாமா யாரையோ வைத்து எழுதியிருந்தார். ஆத்தாவுக்கும் தம்பிக்கும் உரக்கப் படித்தேன். தோட்டத்து ஆபீசில் மகள் ஏன் திரும்பவில்லை என்று கேட்டார்களாம். மகள் ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள் என்று மாமா சொன்னாராம். ஆள் பதிவுப் புத்தகத்தில் பெயரை அடித்துவிட்டார்களாம். மாமா வீட்டுக்கு வந்து அதை அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அன்றுதான் அவள் அழுதாளாம். லயமே கூடி மூன்று நாள் துக்கம் கேட்டதாம். நாலாம் நாள் அவளாகவே எழுந்து சோறு பொங்கி, வேலைக்குப் போனாளாம்.

படித்து முடித்ததும் ஆத்தா எழுந்து குடத்தை எடுத்தாள்.

"சாவு சேதி வந்துருக்கு. ரெண்டு பேரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கங்க" என்றாள்.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன்.