‘கடை’ என்ற ஃபோல்டர்

2009-இல் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி. முடிவுகளை அச்சடிக்கும் பகுதியை முதல் வரியிலிருந்து எழுதியவள் அவள்தான். ஆனால் எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று பதிந்துவைக்கும் பழைய எஸ்.வி.என்.-இலிருந்து அதே வேலை செய்யும் புதிய கிட்டுக்கு மாற்றிப் பார்த்தபோது, புரோகிராமின் வரலாறு 2012-இல்தான் பிறந்திருந்தது. அதற்கு முந்தைய வேலையெல்லாம் ஒரே நாளில் ஒரே ஆள் எழுதித் தள்ளியதாக நின்றது. அந்த ஆள் அப்போது பக்கத்து நாற்காலிக்காரன். இப்போது அவள் கணவன், வேறு கம்பெனியில்.

எஸ்.வி.என். ஓடும் பழைய சர்வரை வெள்ளிக்கிழமை அணைத்துவிட வேண்டும்; பிறகு எதையும் மீட்க முடியாது. மேனேஜர் திரையை எட்டிப் பார்த்தார்.

“வீட்டுக்காரர் பேர்லதானே இருக்கு, விடுங்க மேடம். வெளியாளா என்ன?”

“உங்க சம்பளம் உங்க வீட்டம்மா பேர்ல போனா விடுவீங்களா சார்?”

“இப்பவே அங்கதான் போகுது.”

“சரி, புரோகிராம்ல இந்த வரி எதுக்குன்னு நாளைக்கு ஆஸ்பத்திரி லேப்ல கேட்டா? அவருக்கா போன் போடுவீங்க?”

மேனேஜர் தலையைச் சொறிந்தார். “வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க.”

அவள் கணவனைப் போனில் பிடித்தாள். “ஏம்ப்பா, 2012-ல டிரங்க்ல என்ன பண்ணி வச்சே?”

“நீ திறந்த கடையை மூடினேன்.”

கோபத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. சேர்ந்த புதிதில், “எல்லாத்தையும் கடைசில போடும்மா” என்று முதலாளி போனில் சொன்னார். இரைச்சலில் அது “கடையில” என்று காதில் விழ, ‘கடை’ என்றே ஒரு ஃபோல்டர் திறந்து எல்லாவற்றையும் அதில் போட்டாள். மொத்த டீமும் மூன்று வருடம் அந்தக் கடையில்தான் வியாபாரம் பார்த்தது. பிறகு அதை, முதன்மை ஃபோல்டருக்கு ஊர் உலகம் வைக்கிற ‘டிரங்க்’ என்ற பெயருக்கு மாற்றியவன் அவன். முறையாக நகர்த்தாமல், ஃபைல்களை நகலெடுத்துப் புதுசு மாதிரி சேர்த்துவிட்டான். கடைக்கும் டிரங்குக்கும் இருந்த உறவு அன்றே அறுந்தது. மாற்றும் கருவி டிரங்கை மட்டும் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது.

“அவசரத்துல பண்ணினது. கல்யாணத்துக்கு முன்னாடியே உன் சொத்தை எழுதி வாங்கிட்டேன் போல.”

“வீட்டுக்கு வா, திருப்பி வாங்கிக்கிறேன்.”

போனை வைத்துவிட்டுக் கடையைத் தனியாகக் கிட்டுக்கு எடுத்தாள். அதன் வாலை டிரங்கின் தலையோடு ஒட்டினாள். முதல் தடவை ஒட்டவில்லை. டிரங்க் வந்ததற்கு முந்தின நாள் கடையில் அவசரமாக யாரோ செய்த திருத்தம் எடுத்ததில் விட்டுப்போயிருந்தது. யாரோ என்ன, அவளேதான். அதையும் சேர்த்ததும் வரலாறு 2009 வரை நீண்டது. முதல் பதிவில் அவள் பெயர். குறிப்பு: “கடை திறந்தாச்சு.”

மேனேஜர் மறுபடி திரையை எட்டிப் பார்த்தார். “இந்தக் குறிப்பை மட்டும் மாத்திரலாமா மேடம்? புதுப் பசங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய சர்வரை அவளே அணைப்பாள்.