ஒரு லிட்டர் என்று சொல்லவில்லை

மலை ஊரான புதூர்நாட்டில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது என் மகளுக்கு மூன்று வயது. அவளும் அவள் அத்தாவான என் கணவரும் வாணியம்பாடியில். நான் திங்கள் முதல் வெள்ளி வரை மலைமேல். மாறுதலுக்கு எழுதிப் போட்டு அலுத்துவிட்டது. மதியச் சோற்றைப் பிசையும்போதெல்லாம் அவள் சாப்பிட்டிருப்பாளா என்று நினைப்பு ஓடும்.

வகுப்பில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். கரைசல் கணக்கில் எவ்வளவு நீர் என்று எழுதாமல் விட்டால் மதிப்பெண்ணே கிடையாது. எத்தனை பிள்ளைகளை அதற்காக நிற்க வைத்திருக்கிறேன்!

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மணி அடிக்கிற நேரத்தில், பள்ளிக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கும் பலா மரத்தடியில் நான் நின்றபோது கணவர் அழைத்தார். குழந்தைக்குப் பேதி. "ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கித் தண்ணில கரைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். அன்றைய பாடம் சவ்வூடு பரவல் அழுத்தம். செறிவைக் கண்டுபிடி, வெப்பநிலையால் பெருக்கு என்று பலகை நிறைய எழுதினேன்.

மதியம் மறுபடி அந்தப் பலா மரத்தடிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"எப்டி இருக்கா?"

"நிக்கவே இல்ல. ரெண்டு பாக்கெட் குடுத்துட்டேன். தண்ணி தண்ணின்னு கேக்குறா."

"எவ்ளோ தண்ணில கரைச்சீங்க?"

"ஒரு பாக்கெட்டுக்கு ஒரு டம்ளர். கெட்டியா இருந்தாத்தான கேக்கும்?"

ஒரு லிட்டருக்கான உப்பும் சர்க்கரையும் ஒரு டம்ளரில். ஐந்து மடங்கு செறிவு. இரத்தத்தில் இருப்பதைவிட நாலு மடங்கு. கணக்கு மனதில் தானாகவே ஓடி முடிந்தது. அவர் தோல் மண்டியில் வேலை பார்ப்பவர். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பை அள்ளி அள்ளிப் போட்டே பழகிய கை.

"பச்சைத் தோல்ல உப்பு போட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"தண்ணிய வுட்டுடும்."

"அவ குடல்லயும் அதான் ஆவுது."

"நீ லிட்டருன்னு சொல்லலியே" என்றார். குரல் உடைந்திருந்தது.

சொல்லவில்லைதான். அதைக் கீழே ஊற்றச் சொன்னேன். புதுப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போகிற வழியெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள் என்றேன். மலை இறங்க மூன்று மணிக்குத்தான் ஜீப். அதுவரை அந்த மரத்தடியிலேயே நின்று அழுதேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் அவர் மடியில் சாய்ந்திருந்தாள். பயமில்லை, நேரத்தில் வந்துவிட்டார் என்றார் நர்ஸ். கணவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஸ்பூனை வாங்கி அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"அத்தா குடுக்கட்டும்."

ஸ்பூனை அவரிடமே கொடுத்தேன். அவர் கொடுக்கக் கொடுக்கக் குடித்தாள். ஞாயிறு சாயங்காலம் நான் மலை ஏற வேண்டும். அதற்குள் ஒரே ஒரு ஸ்பூனாவது என் கையால் குடிக்க மாட்டாளா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.