அண்ணியின் வேலை நேரம்

என் அண்ணன் தன் மனைவியைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால், கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவரும் சாத்திய கதவும்தான். ஆனால் வேலை நேரத்தில் அந்தக் கதவைத் தட்டக் கூடாது என்று அண்ணி சட்டம் போட்டிருந்தார். வயலில் பத்து ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், சொந்த வீட்டில் சுவரைப் பார்த்து போன் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகக் காத்திருப்பார். நான் அப்போது மாமியாரோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம். எனக்கும் பொழுது போக வேண்டுமே! "என்னண்ணே, ஆபீசரம்மா அப்பாயின்ட்மென்ட் குடுத்துட்டாங்களா?" என்று சீண்டுவேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

அண்ணிக்கு மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிற வேலை. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை, இவர் ஹெட்போனில் கேட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் அடித்து அனுப்ப வேண்டும். முதலில் தஞ்சாவூரில் ஆபீஸ் இருந்தது. பிறகு அதை மூடிவிட்டு, ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருக்காட்டுப்பள்ளியை ஒட்டிய எங்கள் ஊர் வீட்டில், நெல் மூட்டை அடுக்குகிற அறையைக் காலி செய்து அண்ணி உட்கார்ந்துகொண்டார். "முன்னல்லாம் பஸ் ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள, கேட்ட நோயெல்லாம் வழியிலயே இறங்கிடும். இப்ப நானே வாசப்படியில நின்னு இறக்கி விட வேண்டியிருக்கு" என்று ஒரு தடவை சொன்னார். மாலையில் அறையைப் பூட்டியதும் கொல்லைக் குழாயில் முகமும் காலும் கழுவி, புடவை மாற்றிக்கொண்டுதான் அடுப்படிக்கு வருவார். "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி" என்று அம்மா முணுமுணுப்பார். உள்ளே கேட்ட ஒரு நோயின் பெயரைக்கூட அண்ணி வெளியே சொன்னதில்லை. தெருவில் யாராவது மாத்திரைச் சீட்டை நீட்டினால், "நான் டாக்டர் இல்லக்கா, காதுல விழறத அடிக்கிறேன், அவ்வளவுதான்" என்று ஒதுங்கிவிடுவார். ராங்கிக்காரி என்று ஊரில் பெயர் வாங்கினார். என் எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்து, சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தபோது அண்ணனின் கண்கள் மஞ்சளித்தன. சாப்பாடு இறங்கவில்லை. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகு, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார் டாக்டர். கணையத்தில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் இதை நோயாளியிடம் சொல்கிற வழக்கம் கிடையாது. வெளியே வரும்போதே, கூட வந்திருந்த பெரியப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். "அவன்கிட்ட அல்சர்னு சொல்லுங்க. தெரிஞ்சா மனசு விட்டுப் போயிடுவான்." அம்மா தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அண்ணி யார் முகத்தையும் பார்க்காமல் சரி என்றார்.

அன்றிலிருந்து வீடே நாடகக் கொட்டகை ஆகிவிட்டது. அண்ணி காரமில்லாமல் கஞ்சி வைத்து, "அல்சருக்கு இதுதாங்க நல்லது" என்று சிந்தாமல் ஊற்றுவார். எப்படித்தான் முடிகிறதோ, கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு வேறொரு வேதனையும் சேர்ந்துகொண்டது. நாங்கள் வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர்கள். கடைசிக் காலத்தில் பங்குச் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூச வேண்டும். அவஸ்தைப் பூசுதல் என்பார் அம்மா. அது இல்லாமல் பிள்ளை போய்விடக் கூடாது. ஆனால் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால் அல்சர் கதை அந்த நிமிஷமே முடிந்துவிடும். சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் அம்மா ஜெபமாலையை வைத்துக்கொண்டு மூலையில் கிடந்தார்.

நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அண்ணன் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டாக்டரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தது. நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நேராகப் போய் அண்ணியின் கதவைத் தட்டினார். நான் பார்த்து அவர் அதைத் தட்டியது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. பேசியது அத்தனையும் என் காதில் விழுந்தது.

"ஏங்க, முடியலயா?" என்று அண்ணி பதறினார்.

"வேலை நேரம்தானே? அதான் வந்தேன். வெளிய கேட்டா நீ பொண்டாட்டியா பதில் சொல்லுவ. இங்க நீ ஒரு வார்த்தய மாத்த மாட்ட. எனக்கு என்ன?"

"அல்சர்னுதான்…"

"பெரியப்பா யாருக்காச்சும் ஒரு வாழப்பழம் வாங்கிக் குடுத்துப் பாத்திருக்கியா? எனக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. நீ சொல்லு."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணி சொன்னார். கூட்டாமல் குறைக்காமல், யாரோ ஒருவருடைய குறிப்பைப் படிப்பது போல. "கணையத்துல கட்டி. புத்துதான். ஈரலுக்கும் போயிடுச்சு. ஆபரேஷன் பண்ண முடியாது."

"சம்பா அறுப்பு பாப்பேனா?"

"மாட்டீங்க."

"சரி, நீ வேலையப் பாரு" என்று எழுந்து வந்தார். கதவை அவரே மெதுவாகச் சாத்தினார். கையில் கீரையோடு வாயைப் பிளந்து நின்ற என்னைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

அதன் பிறகு தினமும் கொஞ்ச நேரம் அந்த அறைக்குப் போய்வந்தார். அடுத்து என்ன ஆகும், எங்கே வலிக்கும், எப்போது படுக்கையில் விழுவோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. வெளியே வந்தால் அம்மாவிடம், "அல்சருக்குத் தயிர் நல்லதாம்மா" என்பார். அண்ணியும் தயிர் எடுத்து வைப்பார். அந்த நடிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது அவரால் எழ முடியாமல் போயிற்று. அப்போதுதான் அம்மாவின் கையைப் பிடித்து, "எனக்கு எல்லாம் தெரியும்மா. சாமியார வரச் சொல்லு" என்றார். சாமியார் குடை பிடித்துக்கொண்டு வந்து பூசிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அழுகையோடு அழுகையாக ஒரு நிம்மதி. பெரியப்பாவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. யார் சொன்னது என்று விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. "படிச்ச திமிரு. வாயில வந்தத புருஷன்கிட்ட சொல்லியிருக்கா பாரு" என்று வாசலில் நின்று கத்தினார். இரண்டாம் நாள் அண்ணன் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த பெண்கள் அண்ணியின் காதுபடவே, "சொன்னதுலதான் செத்தான்" என்று பேசிக்கொண்டார்கள். நான்தான் இரண்டு பேரிடம் சண்டைக்குப் போனேன்.

இப்போது எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. இலையில் உட்காரும்போதும் மடியில் லேப்டாப். வேலை எது வீடு எது என்று தெரியாமல் கலந்துபோய்விட்டது, பைத்தியம் பிடிக்கிறது என்று புலம்புகிறார்கள். பாவமாகத்தான் இருக்கிறது. அவர்களிடம் நான் அண்ணியைப் பற்றிச் சொன்னதில்லை. சொன்னால் அறிவுரை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அண்ணி இன்னமும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறார். போன மாதம் போயிருந்தேன். மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஊரே உங்கள அப்படிப் பேசுச்சே. ஒரு வார்த்த திருப்பிக் கேக்கலயே அண்ணி?"

"அதெல்லாம் எனக்கு வலிக்கல" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அன்னைக்கு அவரு எந்திரிச்சுப் போனதும் நான் ஹெட்போன மாட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அடிச்சேன். அப்புறம் மொகம் கழுவிட்டு வந்து கஞ்சி வச்சேன். கடைசி வரைக்கும் அப்படித்தான். உள்ள அழக் கூடாது, அது வேலை. வெளிய அழக் கூடாது, அவருக்கு அல்சர். சாமியார் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேருமா அழுதுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவருக்கு நெனவு தப்பிப் போச்சு."

அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நகர்ந்தேன். அதற்குள் அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "ரெண்டு ஆயிடுச்சு" என்று எழுந்து கை கழுவி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.