மீன் பெட்டியில் இன்சுலின்

புயல் கரையைக் கடந்து ஐந்து நாளாகியும் புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்துக்கு மின்சாரம் வரவில்லை. கடலூர் சாலையில் தண்ணீர் நிற்பதால் என் பயணமும் புதுச்சேரியிலேயே நின்றுவிட்டது. தங்கியிருக்கும் விடுதியிலும் மின்சாரம் இல்லாததால், பையிலிருக்கும் இன்சுலின் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். விடுதிக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடி வந்து, மீன் விற்கும் செல்வி அக்காவின் வாசலில் நிற்கிறேன்.

படகுகள் கடலுக்குப் போகாததால் அவருக்கு விற்க மீனில்லை. ஆனாலும் தினமும் ஐஸ் வாங்கி மீன் பெட்டியை நிரப்புகிறார். உள்ளே மீனுக்குப் பதில் தெருக்காரர்களின் இன்சுலின். ஒவ்வொரு குப்பியையும் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, மேலே பெயர் ஒட்டியிருக்கிறார்.

"ஐஸு நேராப் பட்டா மருந்து ஒறைஞ்சிடும்னு நர்சம்மா சொல்லிட்டுப் போனாங்க" என்கிறார்.

"உங்க வீட்ல யாருக்குக்கா சுகர்?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்லண்ணே. எதுத்த வீட்டுக்காரரு, கரண்ட் போயி மருந்து கெட்டுடுச்சின்னு தூக்கிப் போட்டுட்டு ஊசியே போடாம இருந்துட்டாரு. மயங்கி வுழுந்தவர கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். நல்லவேள, பொழச்சிக்கிட்டாரு. பெட்டி சும்மாதான கெடக்குதுன்னு அன்னிக்கே ஐஸ் வாங்கிட்டேன்."

தயங்கித் தயங்கி என் குப்பியை நீட்டுகிறேன்.

"மீன் வாட அடிக்கும், பரவால்லயா?" என்று சிரித்தபடி வாங்கிக்கொள்கிறார். பெயர் கேட்டு எழுதி ஒட்டுகிறார். மூடியைச் சாத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்.

"சாப்டியாண்ணே?"

இல்லை என்கிறேன்.

"சுகர வச்சிக்கிட்டு வெறும் வயித்தோட சுத்துறியே! உக்காரு" என்று அதட்டிவிட்டு, தட்டு எடுக்க உள்ளே போகிறார்.