பொத்தான் இல்லாத கோட்டு

"மணி என்னங்க ஆச்சு?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டபடியே எங்கள் நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றினார் கால்நடை மருத்துவமனையின் ஸ்கேன்காரர். அவர் கையில் கடிகாரம் கிடையாது. இடுப்பில் பெல்ட் கிடையாது, கால்சட்டைக்கு நாடா. நீலக் கோட்டிலும் பொத்தானுக்குப் பதில் நாடாதான். உள்ளே இருக்கும் காந்த இயந்திரம் துளி இரும்பையும் விட்டுவைக்காதாம். ஒருமுறை சட்டைப்பையில் சாவியோடு போய்விட்டார். அது பறந்துபோய் ஒட்டிக்கொண்டது. "அன்னைக்கு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது எனக்குத்தான் தெரியும்."

எங்கள் நாய்க்கு வீட்டில் 'மாப்பிள்ளை' என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் மூன்று வேளை உபசாரம் எதிர்பார்ப்பவன். பதினான்கு வயதில் கூடத்திலேயே சிறுநீர் கழித்தான், சுவரைப் பார்த்தபடி நின்றான், என் மனைவியைப் பார்த்துக் குரைத்தான். திமிர் என்று நினைத்து இரண்டு தடவை அடித்துவிட்டேன். மூளையில் கட்டியாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"துவைக்காத துணி கொண்டாந்தீங்களா?"

மயக்கம் தெளியும்போது நாய்க்கு வீட்டு வாசனை வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நாங்கள் துவைத்து இஸ்திரி போட்ட துண்டை நீட்டினோம். மோந்து பார்த்தார்.

"சோப்புதான் வருது. அவன் என்ன சோப்புகூடவா குடித்தனம் பண்றான்? சட்டையக் கழட்டுங்க சார்."

பனியனோடு உட்கார்ந்தேன்.

மயங்கிக் கிடந்த நாயோடு கண்ணாடிக்கு இப்பாலிருந்து பேசிக்கொண்டே படம் எடுத்தார். "அவ்வளவுதாம்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு." என்ன தெரிகிறது என்று கேட்டால் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "எடுக்கறது நான், படிக்கறது டாக்டரம்மா."

டாக்டரம்மா படித்தார். கட்டி இல்லை. மூளை சுருங்கி, உள்ளே இருக்கும் குழிகள் அகன்றிருந்தன. முதுமையில் வரும் மறதி நோய். குணமாகாது, ஆனால் மாத்திரையும் பொறுமையும் இருந்தால் கொஞ்ச காலம் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் அடித்ததை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஸ்கேன்காரரிடம் சொன்னேன்.

"அவனுக்கு அது மறந்திருக்கும் சார். நீங்க மறக்காம இருங்க, போதும்."

'பரவாயில்லை' என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆறுதலாக இருந்திருக்காது. அந்த ஒரு சொல்லுக்கு நான் அவருக்குக் காலம் முழுக்க நன்றி சொல்லலாம்.

மாப்பிள்ளை கண் விழித்தான். என்னைப் பார்த்து உறுமினான். பிறகு என் சட்டைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு, வாலால் ஒரு தடவை தரையைத் தட்டினான். கிளம்பும் நேரம், சட்டையை மெல்ல உருவப் போனேன். ஸ்கேன்காரர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். தன் கோட்டின் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அதை என் தோளில் போட்டார்.