அட்டவணையில் நான் விட்ட கட்டம்

சென்ற தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை, அப்பா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். நான் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்காரவைத்து, பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் வந்து சேர்வதற்குள் அப்பா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வெயிலு” என்றார். அடுத்த புதன்கிழமை மறுபடியும் விழுந்தார். அந்த முறை நெற்றியில் நான்கு தையல்.

எங்கள் வீடு மாப்பிள்ளையூரணியில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு அறுபத்தொன்பது வயது. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருடமாகச் சர்க்கரை நோய். அம்மாவுக்கு இதயம் பலவீனம். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். அந்தத் தண்ணீரை அளந்து கொடுப்பது, உப்புக் குறைத்துத் தனியாகக் குழம்பு வைப்பது, தலை பின்னிவிடுவது எல்லாம் அப்பாதான். “கயிறு திரிக்கது மாதிரி திரிக்காதீங்க, இது தலமுடி” என்று அம்மா தினமும் சொல்வார். அப்பா தினமும் அப்படியேதான் பின்னுவார்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். எதையும் எழுதிவைத்துத்தான் எனக்குப் பழக்கம். அடுப்படிச் சுவரில் இருவருக்கும் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தேன். காலை ஆறு மணிக்கு அப்பாவின் சர்க்கரை, அம்மாவின் எடை, இருவரின் ரத்த அழுத்தம், பிறகு ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கட்டம். விழுங்கியதும் டிக் போட வேண்டும். ஒருமுறை அதைக் கழற்றி எடுத்துப்போனபோது டாக்டரே பார்த்துவிட்டு, “எல்லாரும் இப்படி எழுதிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்” என்றார். எனக்கு அதில் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

இரண்டாம் முறை விழுந்த பிறகு எல்லாப் பரிசோதனையும் செய்தோம். இசிஜி, தலைக்கு ஸ்கேன், ரத்தம். ஒன்றிலும் குறை இல்லை. காலையில் நான் எடுத்த சர்க்கரை அளவுகளும் சரியாகவே இருந்தன. இதயத் துடிப்பில் ஏதாவது இருக்கலாம், மதுரைக்குப் போய்ச் சில நாள் தங்கிப் பாருங்கள் என்றார்கள். குருத்து ஞாயிறு முடிந்து போவதாக நாள் குறித்தோம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தால் அம்மாவை யார் பார்ப்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அடுத்த முறை விழுந்து எழுந்திருக்காவிட்டால்? மூன்றாம் வாரத்திலும் விழுந்தார். நல்லவேளை, கட்டில் மேல்.

என் ஜெபமும் அட்டவணைதான். முதலாவது, மதுரையில் உடனே இடம் கிடைக்க வேண்டும். இரண்டாவது, எனக்கு விடுப்பு தர வேண்டும். மூன்றாவது, இதயத்தில் பெரிய கோளாறு இருக்கக் கூடாது. ஆண்டவர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் வாரத் திங்கட்கிழமை காலைப் பூசையில் முழங்காலில் இருந்தபோது அந்த வரிசை வாயில் வரவில்லை. அழுகை வந்தது. “ஆண்டவரே, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நான் பார்க்காதது எது? அதைக் காட்டும்” என்று மட்டும் சொன்னேன். பிறகு பஸ் ஏறினேன்.

ஆலை வாசலில் பையைத் துழாவினால் பாஸ் இல்லை. ஆறு வருட வேலையில் ஒருநாள் கூட நான் அதை மறந்ததில்லை. “தெரிஞ்ச முகந்தான், ஆனா பாஸ் இல்லாம விட முடியாதும்மா” என்றார் காவலாளி. என் மேலேயே கோபம் வந்தது. திரும்பி வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை.

செல்வி அக்கா தெருவில் கோழிகளுக்குக் கம்பு தூவிக்கொண்டிருந்தார்.

“ஏளா, ஒங்கப்பாகிட்ட சொல்லி வை. தெனமும் இட்லியப் போட்டு எங் கோழியளக் கெடுத்து வச்சிருக்காரு. நான் போடுத கம்ப ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கு.”

“எந்த இட்லிக்கா?”

“அவரு இட்லிதான். நாலு. சட்னி ஒண்ணுதான் வைக்கல.”

நான் உள்ளே ஓடினேன். அப்பா அடுப்படித் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, “யாரு வந்திருக்கது?” என்று கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. தண்ணீரில் சீனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். கால் மணி நேரத்தில் அவர் கண் தெளிந்தது. “வேலைக்குப் போவலியா?” என்றார்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சாம்பல் புதனன்று அம்மாவுக்காக ஒரு நேர்ச்சை வைத்திருக்கிறார். தவக்காலத்தின் நாற்பது நாளும் ஒருசந்தி, மதியம் ஒருவேளைச் சாப்பாடு மட்டும். என்னிடம், “அம்மாகூடச் சாப்பிட்டுக்கிடுதேன்” என்பார். அம்மாவிடம், “பிள்ளைகூடச் சாப்பிட்டாச்சு” என்பார். இட்லி கோழிக்கு.

“அப்போ மாத்திரையையாவது நிறுத்தியிருக்கலாமே அப்பா?”

“நீ கட்டம் போட்டு வச்சிருக்கியே. டிக் போடணும்லா.”

நான் நிமிர்ந்து அட்டவணையைப் பார்த்தேன். பதினொரு கட்டங்கள். சாப்பிட்டாரா என்று கேட்க ஒன்று கூட இல்லை. அப்பா எழுதியதில் பொய்யே இல்லை. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. நான் ஆறு மணிக்கு அளந்தது மாத்திரைக்கு முந்திய சர்க்கரை. அதன் பிறகு வெறும் வயிற்றில் மாத்திரை வேலை செய்யும், அவர் விழுவார், யாராவது சோடா கொடுப்பார்கள், அதிலுள்ள இனிப்பில் சர்க்கரை ஏறிவிடும், ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

அப்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். ஒரு மாதமாக அவ்வளவு தூரம் நடந்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்துச் சொன்னார்:

“எனக்கு நேர்ச்சன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா. நீங்க போய்ச் சேந்துட்டா எனக்கு யாரு தண்ணி அளந்து ஊத்துவா? கோழியா?”

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்றே டாக்டரிடம் போனோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மதுரைப் பயணம் தேவைப்படவில்லை. இன்றுவரை அப்பா ஒருமுறை கூட விழவில்லை. பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டு, “வயசானவங்களுக்கும் நோயாளிக்கும் திருச்சபை ஒருசந்தி கேக்கல அண்ணாச்சி. வேணும்னா கோவத்த விடுங்க” என்றார். “அது ரொம்பக் கஷ்டம் சாமி” என்றார் அப்பா.

அப்பாவின் நேர்ச்சையை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு அப்பாவின் வார்த்தையில் நம்பிக்கை இல்லை. அவர் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மூன்று வேளையும் நடந்து அடுப்படிக்கு வருகிறார். முதலில் நடுவில் இரண்டு இடத்தில் நிற்பார். இப்போது ஓரிடத்தில்தான். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. இந்த நடையை விடாதீங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நோய் போய்விடவில்லை. ஆனால் உயிர்ப்பு ஞாயிறன்று மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நன்றி ஆண்டவரே.

பாஸை மறந்தது தற்செயல் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். நான் வாதாடவில்லை. காலையில் கேட்டேன். மதியத்துக்குள் காட்டினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் காரணம் தெரியாத ஒரு துன்பம் இருக்கலாம். வழியை நீங்களே முடிவுசெய்துகொண்டு அவரிடம் போகாதீர்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு இருபத்தொன்பது வயது வரை ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.